சூளை மேல் வைத்த வில்

அலுப்பு என்றால் எனக்குக் கை அலுப்புதான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் நாள் முழுக்க, சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரம் சீவுகிறேன். ஷிப்டு முடிந்தால் மணிமுத்தாற்று மணலில் வைக்கோல் கட்டை நிறுத்தி மூங்கில் வில்லில் அம்பு விடுவேன். "இந்த வயசுல ஒனக்கு எதுக்கும்மா இது?" என்று கேட்காத ஆள் இல்லை. கல்யாணம், சாவு தவிர வேறு எதற்கும் நான் ஊர் தாண்டிப் போனதில்லை. மாவட்ட அணியில் எடுத்தால் வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். அவ்வளவுதான் ஆசை.

வில்லுக்கு ஏற்றபடி அம்பு அமைவது லேசில்லை. தண்டு ரொம்ப வளைந்துகொடுத்தாலும் வம்பு, விறைத்தாலும் வம்பு. இறகு ஒட்டாத அம்பு ஒன்றை விட்டுப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். வலப்பக்கம் போய்க் குத்தினால் தண்டு இளசு; முனைப்பக்கம் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்க வேண்டும். அப்படி அறுத்து அறுத்து எல்லா அம்பையும் நேராகப் போக வைத்திருந்தேன்.

அணித் தேர்வுக்கு முந்தின வாரம் வில் மழையில் நனைந்தது. அதே கம்பெனியில் சூளை பார்க்கும் என் வீட்டுக்காரர் அதைச் சூளை மேல் காய வைத்துவிட்டார். ஈரம் என்று எதைக் கண்டாலும் எங்கள் ஆட்கள் அங்கேதான் வைப்பார்கள், துணியிலிருந்து செருப்பு வரை. மறுநாள் இழுத்தால் வில் முரண்டு பிடித்தது. காய்ந்து விறைத்த வில்லுக்குத் தண்டெல்லாம் இளசாகி, அம்பெல்லாம் வலப்பக்கம்.

"என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஈரமா இருந்துச்சேன்னு வச்சேன். ஒடஞ்சா போச்சு?"

வேலை விட்டு வந்து, கை கடுக்கக் கடுக்க, எல்லாத் தண்டையும் மறுபடி அறுத்தேன். ஒரு வழியாக நேரானது.

தேர்வு நாள் வரை மழை விடவில்லை. களத்தில் முதல் அம்பு இடப்பக்கம் போனது. அடுத்ததும் இடப்பக்கம். மழை ஈரத்தில் வில் பழையபடி இளகியிருந்ததை அப்போதுதான் கை உணர்ந்தது. சுட்ட பொம்மையைத் தண்ணீரில் போட்டாலும் பொம்மைதான். காய மட்டும் வைத்தது ஈரம் பட்டால் திரும்ப மண்தான். இதைத் தினமும் கையில் பிடிக்கிறோம். மூங்கிலும் காய்ந்ததுதானே, சுட்டதில்லையே! எனக்கும் தோன்றவில்லை, சூளைக்காரருக்கும் தோன்றவில்லை. இளகிய வில்லுக்கு அறுத்த அம்பெல்லாம் விறைப்பு; அதை எப்படி நீட்டுவது? என்னை எடுக்கவில்லை.

துணைக்கு வந்திருந்த அவரை விட்டுப் பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் பாயில் விழுந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தார். நான் அறுத்துப் போட்ட துண்டுகளை, ஒன்று விடாமல், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"இத ஒட்ட முடியாதா?"

அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனை என்ன செய்வது?

"முடியாதுங்க. ஒரு டீ போடுங்க, போதும்."

துண்டுகளைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.