ஊசி இறங்கிய காலை
என் அண்ணன் ஆரணியில் ஜட்கா ஓட்டினார். ஆட்டோக்கள் பெருகிய தொண்ணூறுகளிலும் தன் வெள்ளைக் குதிரையை விடவில்லை. வருடா வருடம் திருவிழாவில் வண்டிப் பந்தயம் நடக்கும். அதற்காகத்தான் இந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று அண்ணி புலம்புவார்.

பந்தயத்துக்கு முன் குதிரைக்கு வலி தெரியாமலிருக்க ஊசி போடுவது ஜட்காக்காரர்களின் வழக்கம். முன்னங்காலில் மஞ்சள் துணி சுற்றுவார்களே, அதுபோல இதுவும் ஒரு சடங்கு. துணிக்குள்ளே கொஞ்சம் வீங்கியிருந்தால் ஓடுகிற காலுக்கு அது சகஜம் என்பார்கள். கொள்ளு தின்கிறதா, அப்படியென்றால் குதிரை நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான் அவர்கள் வைத்தியம்.

ஒரு வருடம், ஊசி போட்ட குதிரையொன்று திருப்பத்தில் கால் முறிந்து விழுந்தது. அதைக் கொன்றுதான் அதன் வலியைத் தீர்க்க முடிந்தது. அரண்டுபோன விழாக் குழு அடுத்த வருடம் சட்டம் போட்டது. ஊசி கூடாது. குதிரைகளை முந்தின நாளே மைதானத்தில் கட்டிவிட வேண்டும்; அதன்பின் சொந்தக்காரர்கூடத் தொடக் கூடாது. காலையில் துணியை அவிழ்த்து, கால்நடை டாக்டர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும்.

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "என் குதிரைய நானே தொடக் கூடாதாம்! இன்னா நியாயம் இது?" கத்திவிட்டு, வீட்டிலேயே ஊசியைப் போட்டு, மைதானத்தில் கொண்டுபோய்க் கட்டினார். பெரிய கெட்டிக்காரர் என்று நினைப்பு.

காலையில் நானும் போயிருந்தேன். துணியை அவிழ்த்ததும் வீக்கம் தெரிந்தது. குதிரை நாலடி வைத்துவிட்டு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"நேத்து குதிச்சிகினு வந்துச்சி சார்!" என்றார் அண்ணன்.

"ஊசி இருந்துச்சி, குதிச்சுது. இப்ப எறங்கிடுச்சிங்க," என்றார் டாக்டர். "பழைய வீக்கம். ஓடியிருந்தா கால் முறிஞ்சிருக்கும்."

சண்டைக்குப் போவார் என்று பயந்தேன். அவர் உட்கார்ந்து வீக்கத்தைத் தொட்டார். குதிரை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

"இவ்ளோ வலிய வச்சிகினா தாயி கொள்ளு துன்னுகினு இருந்தே?"

அவர் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது அவர் குதிரையைப் பூட்டவில்லை. வண்டிக்குப் பின்னால் அதைக் கட்டிவிட்டு, முன்னால் நின்று தானே வண்டியை இழுத்தார். நான் பக்கத்தில் கை கொடுத்தேன்.

"இன்னாப்பா, குதிர மாறிப்போச்சா?" கடைத்தெருவே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அவர் வாய்க்கு யாரும் தப்பியிருக்க மாட்டார்கள். அன்று அவர் பின்னால் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். குதிரை நின்ற இடத்திலெல்லாம் வண்டியும் நின்றது.