பொட்டு வைத்த அன்று

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சூரியநெல்லிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சூப்பர்வைசர் குறைத்து நிறுத்தால் முதலில் கத்துகிறவள் நான். சபையிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் "ஆண்டவர் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்றவங்க எழும்பலாம்" என்பார். மற்றப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு யோசிப்பதற்குள் நான் எழுந்து நின்றிருப்பேன்.

சபை விஷயத்தில் நான் கறார். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் குடித்துக் குடித்து எங்களைச் சந்தி சிரிக்க வைத்தவர். கைக்குழந்தையோடு நான் பக்கத்து வீட்டில் போய் ஒளிந்த நாட்கள் உண்டு. அந்த மனிதரைச் சாராயத்திலிருந்து பிடுங்கி எடுத்தது சபைதான். கடைசி ஒன்பது வருஷம் அவர் மனிதராக வாழ்ந்து மனிதராகச் செத்தார். அது எனக்குப் போதும். அதனால் சபை பொட்டு வேண்டாம் என்றால் வேண்டாம், பூவும் நகையும் வேண்டாம் என்றால் வேண்டாம். சாராயக்கடை திறக்கிற கட்சிக்கு என் ஓட்டு கிடையாது. கல்யாணம் கட்டாமல் சேர்ந்து வாழலாம் என்று டிவியில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அம்மா ஒரு பழம்பஞ்சாங்கம் என்பாள் மகள். இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் ஒரு காரியத்தில் நாங்கள் யாரும் கறாராக இருந்ததில்லை. எங்கள் லயத்தில் பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கின்றன. அதில் பாதிப் பேர் காகிதத்தில் இந்து, வீட்டில் கிறிஸ்தவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த மலையாளத்து மலைக்குத் தேயிலை வேலைக்கு வந்த தாத்தாக்கள் இந்துவாக வந்தார்கள். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அப்படியே தொடர்கிறது. நாங்கள் பிறகு ஞானஸ்நானம் எடுத்தோம், காகிதத்தை யாரும் மாற்றவில்லை. மாற்றினால் பட்டியல் சாதிச் சர்டிபிக்கேட் போய்விடும். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆண்டவரிடம் வந்தவுடன் சாதி போய்விட்டதா? எந்தப் பெரிய கிறிஸ்தவக் குடும்பமாவது எங்கள் லயத்தில் பெண்கேட்டு வந்ததா? சாதி அப்படியேதான் இருக்கிறது. சர்டிபிக்கேட் மட்டும்தான் போகும். நினைத்த சாமியைக் கும்பிட இங்கே எல்லாருக்கும் சுதந்திரம் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு மட்டும் அதற்கு ஒரு தண்டனையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தப் பாவத்தைச் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரியும் எங்கள் சபைதான். என் வீட்டுக்காரர் அடித்த நாட்களில் நான் ஒளிந்தது அவள் வீட்டில்தான். அவள் மகனுக்குக் காலேஜ் சீட்டுக்காகச் சர்டிபிக்கேட் தேவைப்பட்டது. வில்லேஜ் ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்த அன்று அவள் நெற்றியில் பொட்டு வைத்து, சுவரில் முருகன் காலண்டர் மாட்டியிருந்தாள். குழாயடியிலிருந்து பார்த்துவிட்டேன். அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து, அவள் பெயரைச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் திருவிருந்திலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நேரத்தில் அவள் வாசலோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். சில வாரம் வந்தாள், பிறகு வரவில்லை. என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

அடுத்து ஒரு தேர்தல் வந்தது. அதற்கு முந்தின மாதம் எங்கள் கன்வென்ஷன் கூட்டம். எங்கெங்கோ ஜெபக்கூட்டத்தை நிறுத்துகிறார்கள், ஊழியக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பாஸ்டர் பேசினார். மைக்கை வாங்கினேன். "இங்கயும் வருவாங்க, வரட்டும்! எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் நான் கிறிஸ்தவச்சின்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன். என் கழுத்தே போனாலும் என் வாயால இல்லன்னு வராது!" என்றேன். கூட்டம் எழுந்து அல்லேலூயா சொன்னது. யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். மலை முழுக்க எல்லா வாட்சப் குரூப்பிலும் அது ஓடியது. நான் பெருமைப்பட்டேன், பொய் சொல்வானேன்.

என் மகள் அரசாங்கப் பரீட்சை எழுதியிருந்தாள். பகலில் மருந்துக் கடையில் வேலை, விடியற்காலையில் அடுப்படியில் படிப்பு, மூன்று வருஷம். கிளார்க் வேலைக்கான பட்டியலில் அவள் பெயர் வந்தது. சாதிச் சர்டிபிக்கேட் கொடுத்தால் வேலை. எனக்கு அடுத்த வருஷம் ரிட்டையர்மெண்ட். இந்த வீடு கம்பெனி வீடு. வேலை செய்கிற ஆள் வீட்டில் இல்லையென்றால் காலி செய்துவிட வேண்டும். எங்களுக்கு வேறு ஒரு சாண் மண் எங்கும் கிடையாது. மகளுக்கு இந்த வேலை கிடைத்தால் தப்பித்தோம், இல்லையென்றால் அவள் என் கூடையை எடுக்க வேண்டும்.

விசாரணைக்கு வருகிற அன்று காலையில் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"எம்மா, ஒரே ஒரு பொட்டு. அரை மணி நேரம்."

"என்னால முடியாதுட்டி."

"நான் இதுவரைக்கும் உங்கிட்ட என்னத்தக் கேட்டிருக்கேன்?"

ஒன்றும் கேட்டதில்லை. அதுதான் என்னை உடைத்தது. நானே ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த பைபிள் வசனப் பலகையைக் கழற்றி, துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். கழற்றிய இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் அடுப்புப் புகையேறிய சுவர். என்ன செய்வதென்று முழித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் வாசற்படியை மிதிக்கிறாள். கையில் அதே முருகன் காலண்டர், ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை.

"உனக்காக வரல மதினி. இந்தப் பிள்ளைக்காக வந்தேன்" என்றாள். ஒரு பொட்டைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டி, பெருவிரலால் அழுத்தினாள். காலண்டரை மாட்டினாள். அது சின்னது. வெள்ளைச் சதுரம் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது.

வந்த ஆபீசர் மலையாளி, வயதில் என் மகளைவிட நாலைந்து மூப்பு இருக்கும். மரியாதையான பிள்ளை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்தார். பள்ளிக்கூடக் காகிதங்களைப் பார்த்தார். "நிங்க எந்த அம்பலத்துக்குப் போறது?" என்று கோயிலைக் கேட்டார். நான் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரிதான் முந்திக்கொண்டு, "மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் ஆளா நிப்பாக சார்" என்றாள். ஆபீசர் சுவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு, "அம்மே, ஒரு பராதி வந்திட்டுண்டு" என்றார். புகார். யார் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. போனை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் மைக். என் சத்தம் என் வீடு முழுக்கக் கேட்டது. எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் சொல்லுவேன் என்றது. கழுத்தே போனாலும் என்றது. அல்லேலூயா முடிகிறவரைக்கும் அவர் நிறுத்தவில்லை. மகள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரா அம்மே?" என்று ஆபீசர் கேட்டார். அதட்டவில்லை. பாவம், கேட்கவே சங்கடப்பட்டுக்கொண்டு கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன். "இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாது."

அவர் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். சர்டிபிக்கேட் கிடைக்காது என்று கடிதம் வர மூன்று வாரம் ஆனது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்காது. அப்படியிருக்க எதற்காக மறுத்தேன் என்று இன்றுவரை எனக்கே நான் கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அதையாவது வைத்துக்கொண்டிருப்பேன்.

ஆபீசர் வந்துபோன அந்த வார ஞாயிறும் சபைக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் என்னைத் தெருவில் நிறுத்தியிருக்கலாம். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் எழும்பவில்லை. திருவிருந்துத் தட்டு வந்தபோது வாங்காமல் பக்கத்தில் தள்ளிவிட்டேன். உடம்பு சரியில்லையா சகோதரி என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதிலிருந்து வாசலோரம், அவள் உட்கார்ந்த இடத்தில்தான் உட்காருகிறேன். அங்கே நல்ல குளிர்காற்று அடிக்கும், எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

நான் ரிட்டையர் ஆனேன். கம்பெனி ரிஜிஸ்டரில் என் பெயரை அடித்துவிட்டு மகள் பெயரை எழுதிக்கொண்டார்கள். வீடு தங்கியது. அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போடுகிறாள், மருந்து வாங்கித் தருகிறாள், தேவையானதைப் பேசுகிறாள்.

தேர்தல் வந்தால் யாராவது ஒருவர் அந்த வீடியோவைத் திரும்பவும் குரூப்பில் போடுகிறார்கள். விசுவாச வீராங்கனை என்று எழுதுகிறார்கள். போன வாரமும் வந்தது, அவள் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம். கீழே ஆமென், ஆமென் என்று வரிசையாக வந்து விழுந்தது. மகள் கடைசிவரைக்கும் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிப் போனாள்.