சாய்வுப் பாதையில் எடுத்த படம்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் கிருஷாந்தி. ஒரு மழைநாளில் கொழுந்துப் பையோடு வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை. கோயில்காரர்கள் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ரோட்டுக்குக் கற்படிகள்தான். அக்கா புருஷன் பிரதாப் முதுகில் சுமந்தால்தான் அவள் ரோட்டைப் பார்ப்பாள். மற்ற நாட்களில் வாசலோடு சரி.

அக்கா சர்மிளா நானுஓயாவில், சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடொன்றில் சமையலும் துப்புரவும் பார்த்தாள். வீட்டுக்காரர் குகநேசன் கொழும்பில் இருந்தார். நடக்க முடியாதவர்களும் வந்து தங்கட்டும் என்று அவர் போன வருஷம் குளியலறைக் கதவை அகலமாக்கி, சுவரில் பிடிகம்பி வைத்து, முன்படியை உடைத்துச் சிமெந்தில் சாய்வுப் பாதையும் போட்டார். வேலை முடிந்ததும் வந்து பார்த்துவிட்டு சர்மிளாவிடம், "உம்மட தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாரும். இன்டர்நெட்டில போட ஒரு படம் எடுக்கவேணும்" என்றார்.

கிருஷாந்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பாதையில் பாதி ஏறியதும் கை தளர்ந்தது. நாற்காலி பின்னால் உருள, பிரதாப் பாய்ந்து பிடித்தான்.

"ரொம்பச் செங்குத்தா இருக்குங்க," என்றாள்.

"நீளமாப் போட இடம் இல்லீங்களே," என்றார் பாதையைக் கட்டிய மேசன் யோகேஸ்வரன். "பூப்பாத்திய எடுக்கணும்னு அப்பவே சொன்னேன்."

"பூவைப் பார்த்துத்தானே சனம் வருது. பிறகு பாப்பம்," என்றார் குகநேசன்.

பிரதாப்பும் மேசனும் அவளை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். குகநேசன் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். பிறகு உள்ளே போய், தன் உயரத்துக்கு இருந்த குழாயைத் தானே திறந்து முகம் கழுவினாள். விழுந்த நாளிலிருந்து அப்படிக் கழுவியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் படத்தை மறந்தே போனாள்.

இந்தச் சித்திரை விடுமுறையில் ஒரு மாலை சர்மிளா வேலை வீட்டிலிருந்து பதறிப்போய்ப் போனில் அழைத்தாள். வவுனியாவிலிருந்து மகாலிங்கம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் சக்கர நாற்காலியில் குடும்பத்தோடு வந்திருந்தார்.

"நானே ஏறுவேன்னு போயி கவுந்துட்டாருடி. கையெல்லாம் செராய்ச்சு ரத்தம். தூக்குறோம்னாலும் வேணாங்குறாரு. மழையில வேனுக்குள்ளயே உட்கார்ந்திருக்காரு. படத்துல ஒரு புள்ள தனியா ஏறி நிக்குதே, எனக்கு ஏன் முடியலன்னு கேக்குறாரு."

"நான் நேர்ல வந்து சொல்லிர்றேன்க்கா. மச்சான வரச் சொல்லு."

"அவரு கண்டிக்குல்ல போயிருக்காரு."

வாசலுக்கு வெளியே படிகளில் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கிருஷாந்தி குகநேசனை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"ஒரு படம்தானே தங்கச்சி. ரெண்டு பேர் பிடிச்சா ஏறலாம். நான் இப்ப வேலையா இருக்கிறன்." வைத்துவிட்டார். மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை.

அக்காவை அழைத்து, போனை அந்த ஐயாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஐயா, படத்துல இருக்கிறது நான்தாங்க. நான் ஏறலீங்க. பாதியில உருண்டுட்டேன். தூக்கி வச்சுத்தான் எடுத்தாங்க."



"உங்களையும் தூக்கித்தான் வைச்சவையோ?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க."

"நீங்க என்ன செய்வியள், பிள்ளை," என்றார் அவர். குரலில் கோபமில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "சரி. என்னையும் தூக்கச் சொல்லுறன்."

மறுநாள் விடிந்ததும் அவர்கள் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கிருஷாந்தி குகநேசனுக்குத் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. சர்மிளா அவரிடம் வாய் திறக்கவில்லை; அந்த வேலையை நம்பித்தான் வீடு ஓடியது.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்த சர்மிளா, தங்கையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வீல்செயார்ல ஒரு அம்மா வர்றாங்களாம்."

"அவங்க போன் நம்பர் இருக்கா?"

"எல்லாம் வீட்டுக்கார ஐயாகிட்டத்தான் இருக்கு."