பத்து நிமிஷ மிஷின்

அந்த மிஷின் சரியாகப் பத்து நிமிஷம்தான் ஓடும். அதற்குள் நான்கு குழி போட்டுவிடும். ஐந்தாவது குழியில் பாதி இறங்கும்போது அதன் குரல் கம்மும். மண்ணைத் திருகிக்கொண்டிருந்த இரும்புத் தண்டு தளர்ந்து தளர்ந்து அப்படியே நின்றுவிடும். முதலிலேயே ஓடாமல் இருந்திருந்தால் எங்களுக்கெல்லாம் நிம்மதியாகப் போயிருக்கும். பத்து நிமிஷம் ஓடித் தொலைத்ததுதான் வினை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. 2003 என்று ஞாபகம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டோரம் எங்கள் ஊர். ரெண்டு வருஷமாகப் பருத்தி கைவிட்டதில் அலுத்துப்போன அப்பா, மேட்டுக்காட்டுத் துண்டில் தைலமரம் வைத்துவிடுவது என்று முடிவுசெய்து நானூறு கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தீபாவளியை ஒட்டி மழையும் பெய்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் குழி போட்டாக வேண்டும். ஆனால் எங்கள் காட்டில் ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே சுக்கான் கல். கடப்பாரை போட்டால் 'ணங்'கென்று கையை உதறும். கூலிக்கு வந்த ரெண்டு பேர் ஒரு நாள் குத்திவிட்டு மறுநாள் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா மிஷினோடு வந்து இறங்கினார். அப்பாவின் தம்பி. ஐ.டி.ஐ. படித்துவிட்டு அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஃபேக்டரியில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஃபிட்டர் வேலை பார்த்தார். மேலே ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின், ரெண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கீழே இடுப்புயரத்துக்குத் திருகாணி மாதிரி முறுக்கிய இரும்பு. உடம்பெல்லாம் சிமென்ட் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது.

"கம்பெனி மிசினுண்ணே. சும்மா கெடந்துச்சி. மூணு நாளு லீவு போட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நானூறு குழியா? ரெண்டு நாளு வேல" என்றார்.

அம்மா மட்டும் கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு எங்களோடு காட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "மிசினு வர்றப்ப அது என்னத்துக்கு?" என்றார். "இருக்கட்டும்" என்றார் அம்மா.

முதல் நாலு குழியும் வெண்ணெயில் விரல் விட்டது போல விழுந்தன. அப்பா என்னைப் பார்த்து, ஏதோ அவரே செய்த மிஷின் போலச் சிரித்தார். ஐந்தாவதில் நின்றுபோயிற்று.

சித்தப்பா டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, பனியனில் துடைத்து மாட்டினார். கயிற்றை இழுத்தார். ஓடியது. "பாத்தியா, பிளக்குதாண்ணே" என்றார். பத்து நிமிஷம். மறுபடி நின்றது.

மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோலில் ஆயில் கூடிப்போய்விட்டது என்றார். அத்தனையையும் கீழே ஊற்றிவிட்டு, அப்பாவை சைக்கிளில் பெட்ரோல் பங்க்குக்கு விரட்டி, புதிதாகக் கலந்து ஊற்றினார். ஓடியது. பத்து நிமிஷம். நின்றது. அதற்கப்புறம் காற்று இழுக்கிற இடத்தில் இருந்த பஞ்சைக் கழுவினார். ஓடி நின்றது. கார்ப்ரேட்டரைப் பிரித்துத் துணியில் பரப்பி வைத்து, விளக்குமாற்று ஈர்க்கால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினார். அதற்கும் ஓடியது, அதற்கும் நின்றது. எந்த வைத்தியம் பார்த்தாலும் மரியாதைக்குப் பத்து நிமிஷம் ஓடிக்காட்டிவிட்டுத்தான் படுத்தது அந்தச் சனியன்.

இதற்கெல்லாம் எடுபிடி நான்தான். ஸ்பேனர் எடு, துணி கொண்டா, இதைப் பிடி, அங்கே நிற்காதே. ரெண்டாம் நாள் மத்தியானம் அப்பா, பங்க்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். சித்தப்பா திடீரென்று என் பக்கம் திரும்பி, "டேங்க்குக்குள்ள மண்ணு கிண்ணு போட்டியாடி?" என்றார். இல்லையென்று சொல்லி முடிப்பதற்குள் நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் அம்மா தன்பாட்டுக்குக் கடப்பாரையால் குத்திக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மிஷின் போட்ட குழிகளைவிட அம்மா போட்டவை அதிகம். அதை யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மிஷின் மறுபடி நின்றது. சித்தப்பா நாலாவது தடவையாகக் கார்ப்ரேட்டரைப் பிரித்து மாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க வேப்பமரத்துக்குப் போனார். அம்மா கடப்பாரையை ஊன்றிவிட்டு மிஷின் அருகே போய்க் குனிந்தார். டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினார். யாரோ மூச்சை உள்ளே இழுத்தது போல் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. அரைத் திருகலோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நான் பின்னாலேயே நின்றேன்.

"என்னம்மா பண்ற?"

"எண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ணெ எறங்குமாடி? காத்து போவ இன்னொண்ணு வேணுமுல்ல. இந்த மூடியில இருக்குற ஓட்ட சிமிட்டித் தூசி அடச்சிக் கெடக்கு. அவுரு தெறந்து பாக்குறப்பல்லாம் காத்து போவுது, ஓடுது. மூடுனா செத்துப் போவுது."

"சித்தப்பாகிட்ட சொல்றேன்."

"வாய மூடிக்கிட்டு போயி கன்னுங்கள எடுத்து வையி."

அன்று மிஷின் நிற்கவே இல்லை. பத்து நிமிஷம் தாண்டியது, அரைமணி தாண்டியது. சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சத்தம் கேட்டு, பக்கத்துக் காட்டு மாமா வரப்பில் வந்து நின்றார். அவருக்கு மூன்று ஏக்கர் நட வேண்டியிருந்தது.

"என்ன மாப்ளே, நேத்து வரைக்கும் செத்துச் செத்துப் பொழச்சிக்கிட்டு இருந்துச்சி?"

"கார்ப்ரேட்டர்ல ஒரு பாயின்ட்டு இருக்கு மாமா. அத செட் பண்றது எல்லாருக்கும் கைவராது. நாலு தடவ பிரிச்சிப் புடிச்சேன்ல" என்றார் சித்தப்பா.

"அப்ப நம்ம காட்டுக்கும் வந்துடு. எங்க மச்சாங்கூட ஆளு தேடிக்கிட்டு இருக்கான்."

சித்தப்பா, "அதுக்கென்ன மாமா, வந்துடுறேன்" என்றார். அப்பா தம்பியின் தோளைத் தட்டினார். என் மண்டை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"கார்ப்ரேட்டரு ஒண்ணுமில்ல. அம்மா மூடிய லூசாக்கி வுட்டாங்க, அதான் ஓடுது" என்று கத்தினேன்.

சித்தப்பா நம்பவில்லை. மூடியைத் தொட்டார், அது ஆடியது. இறுக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு நின்றார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நேரமாக ஆக அதன் குரல் கம்மி, அடங்கியது. மூடியைத் தளர்த்திக் கயிற்றை இழுத்தார். ஓடியது.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐ.டி.ஐ. படிச்சவன் மூணு நாளா முழிக்கிறான், அடுப்பூதுறது கண்டுபுடிச்சிடுச்சி! தங்கச்சி, நீதாம்மா மெக்கானிக்கு. எங்காட்டுக்கும் நீயே வந்துடு!" அப்பாவும் சிரித்தார். சித்தப்பாவும் கூடவே சிரித்தார். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அம்மா மட்டும் கடப்பாரையோடு திரும்பி நின்றுகொண்டார். மாமா போகும்போது, "தேவைன்னா சொல்லியனுப்புறேன் மாப்ளே" என்றார். சாயங்காலத்துக்குள் டீக்கடையில் சித்தப்பாவுக்கு 'மூடி மெக்கானிக்' என்று பேர் விழுந்துவிட்டது.

அம்மா என்னை அடிக்கவில்லை. "ஒனக்கு எதுக்குடி அந்த வாயி?" என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொன்னதற்கு ஒரு பாராட்டுகூட இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனைக்கும் நான் விட்டுக்கொடுக்காமல் பேசியது அம்மாவுக்காக.

கான்ட்ராக்டர் ஆள் குறைத்ததில் அப்போதே சித்தப்பாவுக்கு வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மிஷின் கம்பெனியுடையது அல்ல. ஓரமாகக் கிடந்ததை அவரே விலைக்கு வாங்கியிருந்தார். காடு காடாய்ப் போய்க் குழி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், எங்கள் காட்டில் ஓடுவதைப் பார்த்தால் நாலு பேர் தானாகக் கூப்பிடுவார்கள் என்று எண்ணியிருந்தார். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். எனக்கு இதெல்லாம் தெரியவந்தபோது நான் காலேஜ் முடித்திருந்தேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா கிளம்பினார். "இன்னும் ரெண்டு நாளு இருங்க தம்பி" என்று அம்மா மறுபடி மறுபடி சொன்னார். "இல்லண்ணி, போயிட்டு வரேன்" என்றார். மிஷின் மாட்டுக்கொட்டகையிலேயே கிடந்தது, அவர் எடுக்கவில்லை. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் ரோடு வரை போனேன்.

அரியலூர் பஸ் நிற்கிற பக்கம் நான் போய் நின்றேன். சித்தப்பா எதிர்ப்பக்கம் நின்றார். கூப்பிட்டேன், கேட்காதது போல இருந்தார். நான் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்ப் பையைக் கொடுப்பதற்கும் பெரம்பலூர் பஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. என் தலையில், குட்டிய அதே இடத்தில், கையை வைத்துத் தடவிவிட்டு ஏறிக்கொண்டார்.

"சித்தப்பா, அது பெரம்பலூரு வண்டி! ஃபேக்டரிக்கு இந்தாண்டப் போவணும்!" என்று பஸ் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூடி எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுஷனுக்கு பஸ் மட்டும் எப்படித் தெரியும் என்று சலித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டார். பெரம்பலூரில் இறங்கி, தப்பாக வந்தது தெரிந்து, அடுத்த வண்டியிலேயே திரும்பி வந்துவிடுவார் என்று அன்று பொழுது சாயும் வரை நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.