காப்புக் கட்டிய கையில் விரால்

மலாயாவில், பெம்பானுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு குளம் உண்டு. மாசியில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றிவிடும். மாரியம்மன் திருவிழா முடிந்து, ஆண்கள் விரதத்துக்குக் கட்டிய மஞ்சள் காப்பை அவிழ்த்த மறுநாள்தான் அதில் மீன் பிடிக்க இறங்குவார்கள். காப்புக் கட்டிய கையால் மீனைத் தொடக் கூடாது. இதை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊத்தா போட்டுத்தான் பிடிப்பார்கள். மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை அது. ஆண்கள் வரிசையாக நின்று, கூடையைச் சேற்றில் அழுத்தி அழுத்தி நகர்வார்கள். மீன் மாட்டினால் கூடை துடிக்கும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். அதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. வேறு எதற்காகவும் நான் அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை.

முந்தைய வருடம் தோட்டத்துத் துரையின் விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டுப் போய் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள் போல. அடுத்த மாசியில், கப்பலில் மலாக்கா பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் கார்களில் வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் அப்போதுதான் காப்புக் கட்டியிருந்தார்கள்.

ரப்பர் விலை விழுந்து, குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. எங்களை அனுப்பிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் காப்பே கட்டியிருந்தார். ஊரில் எங்களுக்கு ஒதுங்க ஒரு கூரைகூடக் கிடையாது.

கங்காணி லயத்துக்கு வந்தார். "தொரைகிட்டப் போயி முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். எறங்காதவன் மூட்டையக் கட்டிக்கலாம்" என்றார்.

ஆண்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இறங்குவது, ஊத்தாவை அழுத்துவது, ஆனால் கையை உள்ளே விடாமல் கூடையைத் தூக்கி மீனை ஓட விடுவது. ஆத்தாளும் கோபிக்க மாட்டாள், துரையும் கோபிக்க மாட்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மீன் பிடிப்பதைப் பார்க்க வந்தவர்கள் மீனைக் கேட்பார்களே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரிசை குளத்தில் பாதி தூரம் வந்தும் ஒரு பொடி மீன்கூட வெளியே வரவில்லை. குடைக்கடியில் நாற்காலி போட்டிருந்தவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். துரையின் முகம் சிவந்துவிட்டது.

"மீன் புடிக்கத் தெரியாத பயலுவளா" என்று கங்காணி கரையிலிருந்து கத்தினார்.

என் வீட்டுக்காரரின் கூடை துடித்துக்கொண்டிருந்தது. கரையில் நின்ற எனக்கே தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை உள்ளே விட்டார்.

முழங்கை நீள விரால். வந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா அவரைக் கரையில் நிறுத்தி, மீனை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் பிடித்தாள். காப்புக் கயிற்றிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. படம் பிடித்ததும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். மீன் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. விரத நாளில் எந்த வீட்டு அடுப்பில் அதை ஏற்றுவது? கரையிலேயே கிடந்ததை நாய்கள் இழுத்துக்கொண்டு போயின.

"அந்தக் கையால என் சோத்துப் பானையத் தொடாதீங்க" என்றேன்.

"தெரியாத பயன்னு சொன்னான்ல. உள்ள வேற துடிச்சிக்கிட்டே இருந்திச்சு. கை தானாப் போயிருச்சு."

அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை.

திருவிழா முடிந்த கையோடு பாதி லயத்தை அனுப்பினார்கள். மீனைத் தொடாதவர்களும் அதில் இருந்தார்கள். ஆகவே விராலைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், மனதுக்குள்.

கப்பல் தட்டில் எங்கள் மூட்டைமேல் உட்கார்ந்து, கரை மறையும் வரை அவர் வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பெரிய விரால்தான், இல்ல?"

அத்தனை வருட உழைப்பில் ஊருக்குக் கொண்டுபோக அவரிடம் வேறு என்ன இருந்தது?

"ஆமா, பெரிசுதான்" என்றேன்.