கண்ணாடிக்கு எதிரே ஒரு தளபதி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ரயில் பாலத்தை ஒட்டிய சந்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார் ஆல்வின் கிரெட்ஷ்மார். போருக்கு இரண்டு காலோடு போனவர். வலது காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். யாராவது உச்சுக்கொட்டினால், "ஆணிக்கால் வலி பாதியாக் கொறஞ்சுதுல்ல?" என்பார்.

மாடியில் குடியிருந்த ஓவியர் அவரைப் படிக்கட்டில் உட்காரவைத்து வரைந்தார். பிறகு செப்புத்தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுத்துத் தந்தார். அந்தப் படம் கடைச் சுவரில் தொங்கியது. கழுத்தில் துண்டு கட்டிய, முறம்போல் காதுள்ள தளபதி பன்றித்தொடையை அறுக்கிறார். மேசைக்கடியில் ஆல்வின் சாயலில் ஒற்றைக்கால் சிப்பாய் எலும்புக்குக் காத்திருக்கிறான். மழுங்கிய கத்தியால் மழித்த தாடைபோல ஒவ்வொரு கோடும் எரிந்தது. அந்த எரிச்சல் ஆல்வினுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சவரத்துக்கு வந்தார் ஓய்வுபெற்ற மேஜர் ஓர்ட்லெப். முன்னாள் வீரர் சங்கத் தலைவர். கடை வாடிக்கையில் பாதிப்பேர் அவருடைய ஆட்கள். முகமெல்லாம் நுரையோடு படத்தைப் பார்த்தார்.

"அதக் கழட்டுய்யா. கால் போன வீரனுக்கே அவமானம்."

"கால் போனது எனக்கு, மேஜர் ஐயா. அவமானம் மட்டும் உங்களுக்கா?"

"அது நீயா? ஒனக்கு வலது கால் இல்ல. அவனுக்கு இடது கால் இல்ல. நல்லாப் பாரு!"

ஆல்வின் திகைத்தார். உண்மைதான். நாளெல்லாம் தன்னைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவருக்கு அது உறைத்ததே இல்லை. தகட்டில் கீறியது தாளில் பதியும்போது இடம் வலமாகிவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. படத்தைக் கழற்றினார். மேஜர் முகம் மலர்ந்தது. ஆல்வினோ அதைக் கண்ணாடி முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இப்பப் பாருங்க. வலது கால். நானேதான்."

கண்ணாடியில் தளபதி முகமும் மேஜர் முகமும் அருகருகே. இரண்டு கழுத்திலும் வெள்ளைத்துண்டு. காத்திருந்தவர்களில் ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"எங்க ஆளு ஒருத்தனும் வரமாட்டான் ஒன் கடைக்கு!" பாதித் தாடை நுரையோடு வெளியேறினார் மேஜர்.

"அடுப்புல என்னத்த வேகவைக்கிறது? இந்தப் படத்தையா?" என்றாள் விவரம் கேட்ட மனைவி லீனா.

"அவங்க சொன்னாங்கன்னு போயி கால விட்டேன். இப்ப செவுத்தயும் கேக்குறாங்க. முடியாதும்மா."

நாற்காலிக்குப் பின்சுவரில், உட்காருகிறவர் கண்ணாடியைப் பார்த்தால் படமும் தெரிகிற உயரத்தில், ஆணி அடித்தார்.

மறு சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. ஆல்வினே நாற்காலியில் ஏறி அமர்ந்து முகத்துக்கு நுரை பூசிக்கொண்டார். தோளுக்கு மேலே கண்ணாடியில் தளபதி. இத்தனை நாள் பார்த்தும் கண்ணில் படாத ஒன்று அன்று பட்டது: அத்தனை பெரிய காதில் ஓட்டையே இல்லை.

"அடப்பாவி ஓவியரே! இந்தாளுக்கு எவன் கத்துனாலும் கேக்காதே!"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.