மீதி ஐம்பத்தொன்பது கிலோ

நீட்டிய சீட்டைப் படிக்காமல் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்தவரின் முகத்தை ஏற இறங்கப் பார்க்கிறாள் குணசுந்தரி. கழுத்தில் சிப்காட் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்கும் அந்த மனிதர் கூச்சத்தில் நெளிகிறார்.

“வயித்துப்போக்கு. நேத்து எங்கியோ கல்யாணத்துல பிரியாணி வெட்டிக்கீறே.”

“கல்யாணம் இல்லக்கா, காதுகுத்து.”

சீட்டைத் திருப்புகிறாள். வயிற்றுப்போக்கு மாத்திரைதான். தனக்குத்தானே ஒரு மார்க் போட்டுக்கொண்ட முகத்தோடு உள்ளே போகிறாள். பத்துக்கு எட்டு தடவை இப்படிச் சரியாகச் சொல்லிவிடுவாள். தப்பினால் அன்றைக்கு முழுக்க அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பாள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆசீர்வாதம் நடத்தும் மருந்துக் கடையில் பதினோரு வருஷமாக அவள்தான் மருந்தாளுநர். வயது நாற்பத்துமூன்று. எளாவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே கொண்டையில் ஒரு பேனா செருகியிருக்கும். அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை கேட்டால், தேதி அச்சடித்த முனையை விட்டுவிட்டு மறுமுனையில்தான் கத்தரிக்கோலை வைப்பாள். கடைசி மாத்திரை விற்கிறவரைக்கும் தேதி கண்ணில் பட வேண்டும் என்பது அவள் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவரின்மேல் படம் போட்டுத் தருவாள். காலைக்குச் சேவல், மத்தியானத்துக்குச் சோற்றுத் தட்டு, ராத்திரிக்கு நிலா. அவள் வரையும் சேவல் காக்கா மாதிரி இருக்கும். யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

மாத்திரைகளை அவள் ஆட்களாகவே நினைக்கிறாள். “இவன் கோவக்காரன். வெறும் வயித்துல உட்டா உள்ள போயி ரகள பண்ணுவான். நாலு இட்லி துன்னுட்டு அப்புறமா இவன அனுப்பு” என்பாள். தனக்குத் தலைவலி வந்தால் மட்டும் ஒரு துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு டீ சொல்லி அனுப்புவாள். ஆயிரம் மாத்திரைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு இது என்ன கூத்து என்று ஆசீர்வாதம் ஒருமுறை கேட்டார். “இவனுங்களப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும் சார். தெரிஞ்சவனுங்கள ஊட்டுக்குள்ள சும்மா சேக்க முடியுமா?” என்றாள்.

இந்த 2006ஆம் வருஷம் பிறந்ததிலிருந்து அவள் பேச்சில் ஒரு பெயர் அடிக்கடி வருகிறது. அஃப்ஸானா. பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், எட்டு வயது. அம்மா ஜுவைரியா முதல் தடவை கடைக்குக் கூட்டிவந்தபோது, அம்மா பையிலிருந்து சீட்டை எடுப்பதற்குள் அந்தக் குழந்தை மூன்று இழுப்பறைகளைத் திறந்து, ஒரு பெட்டி குளுக்கோஸைக் கொட்டி, தெருவில் போன ஆட்டின் பின்னால் பாதி பஜார் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில், இனிமேல் இந்தப் பெண்ணை வைத்துச் சமாளிக்க முடியாது, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஜுவைரியா ஆறு மாதம் சென்னைக்கு நடையாய் நடந்திருந்தாள். டாக்டர் குழந்தையைப் பார்த்தார், அம்மாவைக் கேட்டார், டீச்சரிடம் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கினார், இதயத்தைப் பரிசோதித்தார். அதற்கப்புறம்தான், ஒன்றிலும் மனம் நிற்காமல் தவிக்கிற நோய் இது என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

அது பூட்டி வைக்க வேண்டிய மாத்திரை. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்று கடையில் தங்கும். யாருக்கு எத்தனை என்று தனி நோட்டில் எழுத வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்து சுற்றுவட்டாரத்தில் யாரும் அதை வாங்கி வைப்பதில்லை. குணசுந்தரி நச்சரித்த நச்சரிப்பில் ஆசீர்வாதம் அதற்கான லைசென்ஸ் வாங்கினார். மாதத்துக்கு மூன்று அட்டை. மூன்றும் அஃப்ஸானாவுக்கு. மூன்றாவது மாதம் அந்தப் பெண் கடை பெஞ்சில் சமர்த்தாக உட்கார்ந்து பத்துக் கால் நண்டு ஒன்றை ஒரு காலும் குறையாமல் வரைந்து கொடுத்தபோது குணசுந்தரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று வந்த எல்லோரிடமும் அந்த நண்டைக் காட்டினாள்.

அப்போதுதான் வந்தார்கள் ஊர்க் கோடியில் இருக்கும் பொறியியல் கல்லூரிப் பையன்கள்.

ஜுவைரியா சீட்டுக்குப் பிரதி எடுத்தது கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில். அங்கே ஒரு பிரதி தங்கிவிட்டது. அமெரிக்காவில் பரீட்சைக்கு முன்னால் மாணவர்கள் இந்த மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டு விடிய விடியப் படிக்கிறார்கள் என்று பிரவுசிங் சென்டரில் யாரோ படித்துவிட்டு வந்து சொன்னார்கள். ஏப்ரலில் செமஸ்டர் பரீட்சை. விடுதி முழுக்க ஒரே பரபரப்பு. பெயரையும் வயதையும் வெள்ளை மையால் அழித்து, மேலே தங்கள் பெயரை எழுதி, மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு ஒரு சீட்டோடு கிளம்பிவிட்டார்கள்.

முதலில் வந்தவன் மதன். மெக்கானிக்கல், கடைசி வருஷம். ஆறடி உயரம், முறுக்கிய மீசை. குணசுந்தரி சீட்டைக் கவிழ்த்து வைத்து அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு நோயும் தெரியவில்லை. சீட்டைத் திருப்பினாள்.

“வயசு?”

“இருவத்தொண்ணு.”

“எடை?”

அவன் விழித்தான். கடை வாசலில் இருந்த எடை மெஷினைக் காட்டி, “ஏறு” என்றாள். ஏறினான். முள் எண்பத்தொன்றில் போய் நின்றது.

“சீட்டுல இருவத்திரண்டு கிலோன்னு போட்டுக்குது. இருவத்திரண்டுக்கு நான் மாத்திர குடுத்துடறேன். மீதி அம்பத்தொம்பது கிலோவுக்கு எந்தக் கடைக்குப் போவ?”

பெயரைத் திருத்தியவர்கள் எடையை மறந்துவிட்டார்கள். கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மதன் போன வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. ஆனாலும் அந்த வாரத்துக்குள் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் இருபத்திரண்டு கிலோ. ஒருவன் காலை விடாமல் ஆட்டிக்காட்டினான். ஒருவன் பேச்சின் நடுவில் திடீரென்று மின்விசிறியை வெறித்தான். இன்னொருவன் தம்பிக்கு என்றான். “தம்பி எத்தினாவது?” “மூணாவது.” “மூணாவதுல ரெண்டாம் வாய்ப்பாடு சொல்றானா?” அவன் தம்பியையே மறந்துவிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்தான். குணசுந்தரிக்கு இதெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லூரி பஸ் திரும்பும் நேரம் பார்த்து எடை மெஷினைத் துடைத்து வைத்தாள்.

சிரிப்பு நின்றது ஒரு வியாழக்கிழமை காலையில்.

சென்னை மொத்த வியாபாரி அந்த மாதம் மூன்று அட்டைக்குப் பதில் ஒரே ஒரு அட்டைதான் அனுப்பியிருந்தார். எங்கும் இல்லை, இனி பத்து நாள் கழித்துத்தான் என்றார். அஃப்ஸானாவிடம் இருந்தது புதன்கிழமையோடு தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை அவளுக்கு ஆண்டுப் பரீட்சை ஆரம்பம். அதைப் பார்த்துத்தான் பள்ளியில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு சொல்வார்கள். அம்மாவும் பெண்ணும் பொன்னேரியில் ரயில் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் மதன் வந்துவிட்டான். இந்த முறை அசல் சீட்டு, இரண்டு பிரதி, வேறொரு சென்னை டாக்டரின் முத்திரை. எடை எண்பத்தொன்று. குணசுந்தரி தலைகீழாக நின்று பார்த்தும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

“டாக்டரு எவ்ளோ நேரம் பாத்தாரு?”

“ரெண்டு நிமிஷம் இருக்கும் அக்கா. படிக்க உக்காந்தா மனசு நிக்கலன்னு சொன்னேன். எழுதிட்டாரு.”

“சின்ன வயசுல எப்படி இருந்தன்னு கேட்டாரா?”

“இல்ல.”

“நான் கேக்கறேன் சொல்லு. மூணாங் கிளாஸ்ல எப்படி?”

“ஃபர்ஸ்ட் ரேங்க்.”

“பத்தாவது?”

“நானூத்தி அறுவத்தெட்டு. பள்ளிப்பட்டு பக்கத்துல எங்க ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு.” அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முதுகு நிமிர்ந்தது. “தமிழ் மீடியம் அக்கா. இங்க வந்து எல்லாம் இங்கிலீஷு. ஏழு அரியர் கீது. ஜூனுக்குள்ள முடிச்சாத்தான் சிப்காட்ல வேலைக்கு எடுத்துக்குவாங்க. நைனாவுக்கு இன்னும் தெரியாது. புக்க தொறந்தா ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆவுது. ஒவ்வொரு வார்த்தையா டிக்‌ஷனரில பாத்துகினே போறதுக்குள்ள மேல இன்னா படிச்சேன்னு மறந்துடுது.”

குணசுந்தரி சீட்டைக் கீழே வைத்தாள். அவளும் தமிழில் படித்துவிட்டு மருந்தியல் புத்தகத்தோடு மல்லுக்கு நின்றவள்தான்.

“ஒரே பக்கத்த வெச்சிகினு ஒரு மணி நேரம் குந்தினுகீற. அதுக்குப் பேரு கவனம் இல்லாத நோயாடா?”

அப்படி ஒரு கோணம் இருப்பது தனக்கே அப்போதுதான் தெரிந்தது போல நின்றான் மதன். அந்த நேரம் பார்த்து ஆசீர்வாதம் உள்ளேயிருந்து வந்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் கல்லூரி வாசலில் இன்னொரு கடை போட வேண்டும் என்ற கனவு அவரை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது பையன்களைத் துரத்தியடித்தது அவர் காதுக்குப் போயிருந்தது.

“சீட்டு சுத்தமா கீதும்மா. குடுக்கலன்னா அந்தப் பையன் நாளைக்குப் புகார் எழுதிப் போட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

“அது அஃப்ஸானாவுக்கு வந்தது சார்.”

“அட்டையில அஃப்ஸானான்னு பேரா எழுதிக்குது? முன்னாடி வந்தவங்களுக்கு முன்னாடி.”

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். அந்த ஒற்றை அட்டையை வெளியே எடுத்தார். அதே நேரத்தில் வாசலில் ஜுவைரியா, பர்தா முழுக்கப் புழுதியோடு. அஃப்ஸானா அவள் கையை உதறிவிட்டு ஓடிவந்து இருமல் மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். ஒரு வேளை மாத்திரை இல்லாத காலை அது.

“அக்கா, இன்னிக்கி போடலன்னதும் காலைலருந்து பேஜாரு. ஏன் வரலன்னு ஸ்கூல்லருந்து வேற ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க,” என்ற ஜுவைரியா, ஆசீர்வாதத்தின் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். அது மதன் பக்கமாக நீண்டிருப்பதையும் பார்த்தாள்.

மருந்துக் கடை நடக்க வேண்டுமானால் சுவரில் ஒரு மருந்தாளுநரின் சான்றிதழ் தொங்க வேண்டும். சில இடங்களில் சான்றிதழ் மட்டும் வேலைக்கு வரும், ஆள் வேறு ஊரில் இருப்பார். ஆசீர்வாதமும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் காகிதத்தைத்தான் கேட்டார். காகிதத்தோடு தானும் வந்து நின்றுவிட்டவள் குணசுந்தரி.

அவள் ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கால் ஒன்று குட்டையான ஸ்டூல். அது ஆடிய ஆட்டத்தில் ஜுவைரியா ‘யா அல்லா’ என்று முனகினாள். யாரும் கூப்பிடாமலே மதன் உள்ளே வந்து, குனிந்து, இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னாம்மா பண்ற?”

“எம் பேர எட்துகினு ஊட்டுக்குப் போறேன் சார். அப்புறம் நீங்க யாருக்கு வேணா குடுங்க.”

ஆணியிலிருந்து சான்றிதழ்ச் சட்டகம் கழன்று அவள் கைக்கு வந்துவிட்டது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. ஆசீர்வாதம் அந்த இடத்தைப் பார்த்தார். மருந்து ஆய்வாளர் முந்தின நாள்தான் பஜாரில் தலைகாட்டியிருந்தார். வாசலில் ஐந்தாறு பேர் சீட்டோடு நின்றார்கள். அவர் மதனைப் பார்த்தார். மதன் ஸ்டூலை விட்டுக் கையை நீட்டவில்லை. இருமல் மருந்துப் பாட்டில்கள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று திரும்பிக்கொண்டிருந்தன.

“நோட்டுல எழுதிக்கம்மா,” என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, அட்டையை ஜுவைரியாவின் உள்ளங்கையில் வைத்தார்.

குணசுந்தரி சட்டகத்தின் கண்ணாடியை முந்தானையால் ஒரு துடை துடைத்து, மறுபடியும் ஆணியில் மாட்டினாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது. மூச்சு வாங்கியது. கொண்டையிலிருந்த பேனா தோளில் விழுந்து கிடந்தது.

“மதனு, நேரா கீதா பாரு.”

ஸ்டூலை விடாமல் தலையை மட்டும் பின்னால் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான் அவன்.

“லெப்ட்ல ஒரு நூல் ஏறிக்குது அக்கா.”

ஒற்றை விரலால் இடது மூலையை மெல்லக் கீழே அழுத்தினாள். அவன் சரி என்று சொல்கிறவரைக்கும் விரலை எடுக்கவில்லை.